யாரும் காட்டச் சொல்லவில்லை

சீட்டாட்டத்தில் எனக்குப் பிடித்த வேலை சீட்டைக் கவிழ்த்து வைப்பதுதான். கைக்கு வந்த இரண்டையும் ஒருமுறை பார்க்கிறேன், சரியில்லை, கவிழ்த்து நடுவில் தள்ளுகிறேன். அந்தச் சுற்று முடியும்வரை அதற்குப் பிறகு எனக்கு வேலையில்லை. மற்றவர்கள் பந்தயத்தை ஏற்றுவதையும் திட்டுவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். போக்கர் ஆடியதில்லை என்றீர்கள், சார். ஆடிப் பாருங்கள். கவிழ்க்கிற அந்த நிமிஷத்தில் ஒரு நிம்மதி வரும், ராத்திரிப் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த மாதிரி.

பெரும்பாலானவர்களுக்கு அது வராது. கையில் சீட்டு இருக்கிறதே என்பதற்காகவே ஆடுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்த ஐந்தில் ஏதோ ஒன்று வந்து தன்னைக் காப்பாற்றும் என்று ஒரு நப்பாசை. வராது. பெரும்பாலும் வராது. நான் அந்தப் 'பெரும்பாலும்' பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். வாரக்கணக்கில் ஒரு கைகூட ஆடாமல் எழுந்து போயிருக்கிறேன். அதற்குப் பெரிய மூளை வேண்டாம். சலிப்பு வந்தால் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரிய வேண்டும். தனியாக இருந்து பழகியவனுக்கு அது சுலபம்.

நாங்கள் ஆடியது வேலை முடிந்த பிறகு, உடை மாற்றும் அறையில். கோல்டு ஸ்டோரேஜில் இரவு ஷிஃப்ட் முடிந்தால் உடனே வீட்டுக்குப் போக முடியாது. கம்பெனி பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். நீளப் பெஞ்சு, இரும்புப் பெட்டிகள், கம்பியில் காயப்போட்ட கையுறைகள், ஈரமும் வியர்வையும் சேர்ந்த நாற்றம். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் மேசை. ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். ஊரெல்லாம் பல் தேய்க்கிற நேரத்தில் நாங்கள் எங்கள் வேலைநாளை முடித்துவிட்டுச் சீட்டுப் போடுவோம்.

நான்கு பேர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கொம்பன். அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் ஆளுக்கும் அந்தப் பெயர். எலக்ட்ரீஷியன், அவனைக் கரண்ட் என்போம். என் அக்கா புருஷன், அதாவது என் அத்தான். பிறகு நான். எனக்கு முனிவர் என்று பெயர் வைத்தது கொம்பன்தான். நான் எப்போதாவது பந்தயத்துக்குப் பாட்டில் மூடிகளை எடுத்து நடுவில் வைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"முனிவர் கண்ணத் தொறந்துட்டாரு. சாம்பலாகிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஓடுங்கப்பா."

எல்லோரும் ஓடுவார்கள். சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். நடுவில் கிடக்கிற நாலு மூடியை நான் எடுத்துக்கொள்வேன். இறுக்கிப் பிடித்து ஆடுகிறவனுக்கு இருக்கிற ஒரே கஷ்டம் இது. அவன் வாயைத் திறந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் யாரும் அவனோடு ஆடுவதில்லை. எத்தனையோ நாள் காத்திருந்து இரண்டு ஏஸ் வந்திருக்கும், அது என்னவென்று பார்க்கக்கூட எதிரில் ஆள் இருக்காது. நான் அதையும் கவிழ்த்துச் சீட்டுக்கட்டோடு சேர்த்துவிடுவேன். எனக்கு என்ன வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அத்தான் மட்டும் ஓடமாட்டார். அவர் எல்லாக் கையும் ஆடுகிறவர். ஏழும் இரண்டும் மாதிரி ஒன்றுக்கும் உதவாத சீட்டு வந்தாலும் ஏற்றுவார், பாட்டு வேறு பாடுவார். நான் மூடி வைத்தால் அவரும் வைப்பார்.

"உனக்குப் புத்தியே கிடையாதா? அவன்கிட்ட இல்லாமலா வைப்பான்?" என்பார் கொம்பன்.

"இருக்கும்ணே, தெரியும். ஆனா என்ன இருக்குன்னு பாக்கணும்ல. பாவம், இத்தன நாளா அடைகாத்துக்கிட்டு இருந்திருக்கான். காட்டு மாப்ளே."

நான் காட்டுவேன். "அடேங்கப்பா, என்ன அழகா வெச்சிருக்கான் பாரு" என்று சிரித்துக்கொண்டே தோற்பார். தோற்பதற்காக வருத்தப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. இதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் எனக்கு அவர்மேல் கோபம் இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கோபம் எதுவும் இல்லை.

நாங்கள் காசு வைத்து ஆடவில்லை. கம்பெனியில் அதற்குத் தடை. பாட்டில் மூடி வைத்து ஆடினோம், மூடி தீர்ந்தவன் தன் வில்லையை வைப்பான். வில்லை என்றால் என்னவென்று உங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உறை அறைக்குள், அதாவது சரக்கை உறைய வைக்கிற ஃப்ரீசர் அறைக்குள், போகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கியில் வில்லை தொங்கினால் கதவைச் சாத்தக் கூடாது. நல்ல விதி. அதைத்தான் நாங்கள் சீட்டில் வைத்துத் தோற்றோம்.

உன் வில்லை என் பையில் இருந்தால், நீ அதை மீட்கும்வரை என் உள்வேலையை நீ பார்க்க வேண்டும். நான் வெளியே நின்று கதவுக்காவல் பார்ப்பேன். இதுதான் எங்கள் பந்தயம். வெளியிலிருக்கிறவனுக்கு இது அற்பமாகத் தெரியும். உள்ளே ஒருமுறை போய் வந்தால் அப்படித் தெரியாது. கண்ணிமையில் பொடிப்பனி கட்டும், மூக்குத் துவாரம் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும், மூச்சை இழுத்தால் நெஞ்சில் ஊசி இறங்கும். அந்தத் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டும் அடிக்கடி வெளியே வந்து சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதனால் வில்லைக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் வில்லையைத் தோற்றவன் உள்ளே போகும்போது கொக்கியில் எதை மாட்டுவான்? ஒன்றையும் மாட்டமாட்டான். கொக்கி காலியாக இருக்கும், ஆள் உள்ளே இருப்பான். நாங்கள் இதை யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவுக்காவலில் நிற்கிறவன் வாயால் சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டோம். சூப்பர்வைசருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். அவரும் கொக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காவலில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கேட்டுக்கொள்வார். நான் நின்றால் சில நாள் கேட்கக்கூட மாட்டார். "நீ இருக்கியா, அப்ப சரி" என்று போய்விடுவார்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒருநாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் என்னை வைத்துக்கொண்டாள், அத்தான்தான் இந்த வேலையில் சேர்த்துவிட்டார். அவர்கள் வீட்டு மாடி அறை என்னுடையது. காலையில் அத்தானும் நானும் ஒன்றாக வருவோம், அக்கா மூன்று தட்டு வைப்பாள். அவர் ஷிஃப்டில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவார், அவள் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் பேசமாட்டேன். பேச வேண்டியிருக்காது. மூன்றாவது தட்டு என்னுடையது, அது போதும்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் தூங்கப் போவோம். வீடு முழுக்கக் கறுப்புத் திரை. பகலெல்லாம் அந்த இருட்டில் அக்கா பூனை மாதிரி நடப்பாள். மிக்ஸி போடமாட்டாள், டிவியில் ஆட்கள் வாயசைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது போன் செய்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். நான் மாடியில் விழித்துப் படுத்திருப்பேன், அவள் நடக்கிற சத்தம் கேட்கும். அது எனக்குப் பிடிக்கும். நமக்காக ஒருத்தி சத்தமில்லாமல் நடக்கிறாள் என்பது சின்ன விஷயமில்லை.

ஒருநாள் காலை அத்தான் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார். வேறு ஊரில் ஒரு பாக்டரியில் பகல் வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "பகல்ல வாய்விட்டுப் பேசி எத்தன வருஷமாச்சு தெரியுமா? இனிமே ஜன்னலத் தொறந்து போட்டுட்டு, ரேடியோவ அலறவிட்டுட்டுச் சமைக்கப் போறேன். எவனும் எந்திரிச்சு வந்து என்னைக் கேக்க முடியாது."

"அலறவிடு. நானும் கூடச் சேர்ந்து பாடுறேன்" என்றார் அத்தான்.

"நீங்க பாடுனா அந்த ஊரையும் விட்டுப் போகச் சொல்லிருவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமாக. அப்புறம்தான் நான் இருப்பது ஞாபகம் வந்தது.

"நீயும் ஒரு பகல் வேலை பாத்துக்கடா" என்றாள் அக்கா. "இப்படியே இருந்துட முடியுமா? லீவு கெடைச்சா வந்து நாலு நாள் தங்கிட்டுப் போ."

"வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன் மாப்ளே, மாடி ரூம உனக்கு மட்டும் தனியாத் தர்றேன்னுட்டாரு. வாடகையும் கொறைச்சுக்குறாராம்" என்றார் அத்தான். எனக்கு நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

நான் சரி என்றேன். சாப்பிட்டு முடித்தேன். மாடிக்குப் போனேன்.

அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. அவசரப்படுகிறவன் அன்றைக்கே கத்தியிருப்பான், கெஞ்சியிருப்பான், கூடவே வருகிறேன் என்று காலைப் பிடித்திருப்பான். அது ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு ஏற்றுகிற வேலை. நான் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அக்காவை இந்த ஊரைவிட்டு இழுப்பது ஒரே ஒருவர். அவர் இல்லாவிட்டால் போக வேண்டிய அவசியம் அவளுக்கில்லை. வீடு இருக்கிறது, தம்பி இருக்கிறான். இரண்டு தட்டு. கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தது எனக்கே ஆச்சரியம். உங்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு படியாகப் பார்த்தால் இதில் தப்பான படி எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செய்யாமலே போகவும் தயாராக இருந்தேன். இது உண்மை. சரியான கை வந்தால் ஆடுவது, இல்லையென்றால் கவிழ்ப்பது. எனக்குத் தேவைப்பட்டவை சில, அவை ஒன்றாக வர வேண்டும். மூன்றாம் உறை அறையின் உள்தாழ்ப்பாள் ஏற்கெனவே உடைந்திருந்தது; கொம்பன் ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்ததில் நெம்புகோல் வளைந்து, உள்ளிருந்து திறக்க முடியாமல் ஆகிவிட்டது. சரிசெய்யச் சொல்லிப் பலமுறை சொன்னார், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். சரக்குக் குறைவான நாட்களில் கிடங்கை மொத்தமாகச் சாத்திவிட்டு எல்லோரும் போகிற விடுமுறை ஒன்று, மாதக் கடைசிக்கு முன்னால் வந்தது. அதற்கு முந்தைய இரவு எங்கள் ஷிஃப்ட். எனக்கு மிச்சம் வேண்டியிருந்தது அத்தானின் வில்லை.

அது வராமலே போயிருக்கலாம். பல காலை நான் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். அத்தான் ஊருக்குப் போகிற குஷியில் வரவர மோசமாக ஆடினார், மூடியெல்லாம் கொம்பனிடம் போய்க்கொண்டிருந்தது. கடைசி வாரம் ஆரம்பிக்கிற நாளில் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. நடுவில் இன்னொரு ஏஸ் திறந்தது. நான் என் மூடிகள் எல்லாவற்றையும் தள்ளினேன்.

கரண்ட் கவிழ்த்தான். கொம்பன் கவிழ்த்துவிட்டு, எழுந்து நின்று கும்பிட்டார். "முனிவரே, எங்கள மன்னிச்சிரும்."

அத்தானிடம் மூடி மிச்சமில்லை.

"விட்ருடா. போற நேரத்துல உள்ள கெடந்து சாகணுமா? கவுத்துட்டு எந்திரி" என்றார் கொம்பன்.

"அதான் போறேன்லண்ணே. அதுக்கப்புறம் இவன யாரு காட்டச் சொல்றது? நீங்கல்லாம் ஓடிருவீங்க." அத்தான் கோட்டுப் பையிலிருந்து வில்லையை எடுத்து நடுவில் வைத்தார். "காட்டு மாப்ளே."

நான் காட்டினேன். "அடேங்கப்பா" என்றார். அவரிடம் இருந்தது ஒன்பதும் மூன்றும்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க என் உள்வேலையை அவர்தான் பார்த்தார். குறைசொல்லாமல் பார்த்தார். நான் கதவருகே நின்றேன். வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொள்ளும்போதெல்லாம் புதுவீட்டைப் பற்றிச் சொல்வார். பின்பக்கம் ஒரு ஜன்னல், வெயில் நேராகச் சமையலறைக்குள் விழுமாம். "உங்க அக்காவுக்குக் கண்ணு கூசப் போகுது பாரு" என்பார். நான் கேட்டுக்கொள்வேன். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பேன். விடுமுறைக்கு முந்தைய அந்தக் காலை வரைக்கும் மனதை மாற்றிக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்தது. கவிழ்ப்பதற்கு எப்போதும் நேரம் உண்டு. அந்த எண்ணம்தான் என்னை அமைதியாக வைத்திருந்தது.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மூன்றாம் அறையின் பின்வரிசையில் சரிந்த பெட்டிகளை நேராக்க வேண்டியிருந்தது. என் வேலை. அவர் போனார். சூப்பர்வைசர் ஒவ்வொரு அறையாகச் சாத்திக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு. கொக்கியைப் பார்த்தார், காலி. என்னைப் பார்த்தார்.

"உள்ள யாராவது?"

"யாருமில்ல சார்."

அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே புளுகு. குரல் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தாலும் அவர் கவனித்திருக்கமாட்டார். அவர் நம்பியது என் குரலை இல்லை. இத்தனை வருஷம் நான் கவிழ்த்த சீட்டையெல்லாம் நம்பினார். கதவைத் தள்ளிச் சாத்தினோம், இரண்டு பேரும் சேர்ந்து. அவர் குளிரை இன்னும் கூட்டி வைக்கக் கன்ட்ரோல் பேனலுக்குப் போனார். தாழ்ப்பாளை நான் போட்டேன்.

அந்தக் கதவு ஆள் கையகலத்துக்குத் தடிமன். உள்ளே தட்டினால் வெளியே யாரோ விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும், அதுவும் காதை வைத்தால். நான் வைத்தேன். முதலில் தாளம் போட்டுத் தட்டினார். விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் இல்லை. நான் உடை மாற்றப் போய்விட்டேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே பெட்டி, ஒரே சாவி. அவர் போன் அதில் இருந்தது. அணைத்து வைத்தேன்.

கொம்பனும் கரண்டும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "எங்கப்பா பாட்டுக்காரன்?" என்றார் கொம்பன்.

"முன்னாடியே கெளம்பிட்டாரு. லாரி ஒண்ணு டவுன் பக்கம் போச்சு, ஏறிக்கிட்டாரு. சாமான் கட்டணுமாம்."

இது இரண்டாவது புளுகு, ஆனால் முதலாவதன் வட்டிதான் இது. தனியாகக் கணக்கில் சேராது.

"சொல்லாமக்கூடப் போயிட்டான் பாரு, போக்கத்தவன்" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கலைத்துப் போட்டார்.

மூன்று பேர் ஆடினோம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று. ஒன்றும் நினைக்கவில்லை. சீட்டைப் பார்த்தேன், கவிழ்த்தேன். எழுந்து பத்தடி நடந்தால் கதவு, தாழ்ப்பாளை இழுத்தால் முடிந்தது, அவரே வெளியே வந்து என் முதுகில் அடித்துச் சிரித்திருப்பார். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்திருந்தது. இரண்டு ராஜா வந்தது ஒருமுறை. அதையும் கவிழ்த்தேன். ஒரே நாளில் இரண்டு தடவை ஏற்றக் கூடாது.

பஸ் ஹார்ன் அடித்தது. மூடிகளை டப்பாவில் போட்டு மூடினோம்.

வீட்டில் அக்கா இரண்டு பேரையும் எதிர்பார்த்திருந்தாள். எனக்கு முன்னாலேயே லாரியில் வந்துவிட்டாரே என்றேன். வழியில் யாரையாவது பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார் என்றாள். எனக்குத் தட்டு வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். போன் செய்தாள், அணைந்திருந்தது. சார்ஜ் போட்டிருக்கமாட்டார், என்றைக்குப் போட்டார் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்று நான் தூங்கவில்லை. கூடத்தில் அவளோடு இருந்தேன். பகல் முழுக்க அவள் என்னோடு பேசினாள். சத்தமாகவே பேசினாள், எழுப்பிவிடுவோமோ என்று பயப்பட ஆள் இல்லை. சின்ன வயதில் நான் மாடிப்படியில் விழுந்தது, அவள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அப்பாவின் கோபம், எல்லாம். நடு நடுவே ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்ப்பாள். மத்தியானம் டீ போட்டாள், இரண்டு கப். சாயங்காலம் அவள் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்க ஆரம்பித்தாள், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் விலக்கவில்லை. சார், மறைக்க ஒன்றுமில்லை, அது என் வாழ்க்கையின் நல்ல நாள். யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது அவர் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டார்கள். அவர் வெளியே வந்ததைப் பார்த்தேன், எதையோ மறந்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்க வேண்டும், லாரியில் ஏறியது வேறு யாரோ, தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இது எவ்வளவு மட்டமான சீட்டு என்று பாருங்கள். ஒன்பதும் மூன்றும்கூட இல்லை. ஒருத்தர் காட்டச் சொல்லவில்லை. தான் இடித்த தாழ்ப்பாளால்தான் அத்தான் போனார் என்று கொம்பன் அழுது, வேலையை விட்டுவிட்டார். சூப்பர்வைசரை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். நான் சரியாகத்தான் சொல்லியிருப்பேன், தான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று அவரே சொல்கிறாராம். கரண்ட், உள்ளே மாட்டிக்கொண்டவன் அழுத்துவதற்கு இருக்கிற அழைப்பு மணியைப் போன மாதம் சோதித்தேன் என்றான், பிறகு சோதித்திருக்கமாட்டேன் என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், தன் சீட்டையே நம்பாதவன்.

மணி பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். பழுதில்லை. அதன் ஃபியூஸ் இதோ. கண்ணாடிக்குழாய் மாதிரி இருக்கிறதே, இதுதான். கீழே போட்டுவிடாதீர்கள், உடையும். அன்றிரவு வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டேன். அதனால் கடைசிக் காலைவரை மனதை மாற்றிக்கொள்ள இடம் வைத்திருந்தேன் என்று சொன்னதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நான் நம்புகிறேன்.

ஆக, சூப்பர்வைசரை விட்டுவிடுங்கள். கொன்றது நான்தான். கதவைச் சாத்தியது, மணியை நிறுத்தியது, போனை அணைத்தது, காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனது. எல்லாம் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது இல்லை. அக்கா போய்விட்டாள். அத்தான் வீட்டு மனிதர்கள் வந்து அவளை அழைத்துப் போனார்கள். போவதற்கு முன்னால் என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நல்லாப் பாத்தியாடா? வெளிய வந்தாரா?" பார்த்தேன் என்றேன். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அத்தோடு சரி. அவளும் கவிழ்த்துவிட்டாள். திரைகளையெல்லாம் கழற்றி மடித்து எடுத்துப் போய்விட்டாள், எதற்கென்று தெரியவில்லை. பகலெல்லாம் வீடு வெளிச்சமாக இருக்கிறது. தூங்க முடியவில்லை. போன் செய்தால், நல்லா இருக்கியா, சாப்டியா, வெச்சிடறேன் என்கிறாள். கடைசிச் சில தடவை எடுக்கவே இல்லை. அத்தானின் அம்மாவோடு அந்தப் புதுவீட்டுக்கே குடிபோய்விட்டதாகக் கொம்பன் மூலம் கேள்விப்பட்டேன்.

தம்பியைப் பார்க்க வராமல் இருக்க ஒரு அக்காவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். தூரம், வேலை, உடம்பு சரியில்லை. ஆனால் இப்படிப்பட்ட தம்பியைப் பார்க்க வராமல் இருக்க முடியாது. வந்துதான் ஆக வேண்டும். ஏன்டா செய்தாய் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நீங்களும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும், அப்புறம் கோர்ட்டு, அது வருஷக்கணக்கில் நடக்கும், ஒவ்வொரு தவணைக்கும் வருவாள். முதலில் திட்டுவாள். அடித்தாலும் அடிப்பாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சார்? எனக்கு அவசரமில்லை.

இன்றைக்கே தகவல் சொல்லி அனுப்பினால் நாளைக் காலைக்குள் வந்துவிடலாம். பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தால் அவளுக்குக் கால் வீங்கிவிடும், வந்ததும் நிற்க வைக்காதீர்கள். ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். இங்கே, என் பக்கத்தில்.